பெரிய வெள்ளியன்று பாதி வழியில் இறங்கினேன்

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை, மூன்று மணி ஆராதனையில் சிலுவைப் பாட்டைத் தனியாகப் பாட வேண்டியவள் நான். தவக்காலம் முழுவதும் அதற்காகவே பழகியிருந்தேன். துணிக்கடையில் அரை நாள் வேலையை முடித்துவிட்டு இராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன். எங்கள் கோயில் பாலம் தாண்டித் தீவில் இருக்கிறது.

எனக்கு முன் சீட்டில் ஒரு வடநாட்டுப் பெரியவர். இராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்து கூட்டத்தைத் தவறவிட்டவர் போலிருந்தது. கழுத்தில் யாத்திரை அட்டை தொங்கியது. உச்சிப்புளி வருவதற்கு முன்பே வயிறு கலங்கி, உட்கார்ந்த இடத்திலேயே அவருக்குப் போய்விட்டது. சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

"இறங்கு பெருசு. பஸ்ஸு பூரா நாறுது."

அவருக்குப் பாஷை புரியவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"குடிச்சிருப்பான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "குடிக்கல. மனுசனுக்கு வயித்தால போகுது. இந்த வெயில்ல ஒத்தையில இறக்கிவிட்டா என்ன ஆவாரு?"

"அம்புட்டு அக்கறைன்னா நீங்களும் இறங்குங்கக்கா" என்றார் கண்டக்டர்.

"இறங்குறேன். எனக்கென்ன?"

பெரியவரைக் கைபிடித்து இறக்கினேன். பஸ் போய்விட்டது. எதிரே ஒரு பஞ்சர் கடை. அதை வைத்திருந்த பாய் எங்களைப் பார்த்ததும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குடிக்க வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீரைக் குடத்தோடு தூக்கி வந்தார். பெரியவர் கூச்சத்தில் அழ ஆரம்பித்துவிட்டார். பாய் சவுதியில் கற்ற இந்தியில் மெல்லப் பேசித் தேற்றி, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கழுவிவிட்டார். தன் கைலி ஒன்றைக் கட்டிவிட்டார். கிரீஸ் போகக் கை கழுவும் சோப்பால் நான் வேட்டியை அலசிப் போட்டேன். உப்பும் சீனியும் கலந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தோம்.

"உங்களுக்கு டீ சொல்லவாம்மா?"

"இன்னைக்கு ஒருசந்தி, பாய்."

"அப்ப வேணாம். நோன்புன்னா எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் பாய்தான் போன் செய்தார். அவருடைய கூட்டத்தின் வேன் வந்து சேர வெகுநேரமானது. மகன் குதித்திறங்கி அப்பாவைக் கட்டிக்கொண்டார். பெரியவர் என் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். அது என்னவென்று பாயிடம் நான் கேட்கவில்லை.

கோயிலுக்குப் போனபோது சிலுவையை முத்தமிடும் சடங்கும் முடிந்து சனம் கலைந்திருந்தது. வாசலிலேயே பாடகர் குழுத் தலைவி பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் செத்த நேரத்துல எங்கம்மா போன? யாரோ ஒரு ஆளுக்காகக் கோயிலை விட்டுட்டியே. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரு."

"சொல்ல மாட்டேன். அது பாவமில்ல. நாளைக்கே இன்னொருத்தர் அப்படிக் கெடந்தாலும் இறங்கத்தான் செய்வேன்."

"அப்ப ஈஸ்டர் பாட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம்."

"பாத்துக்கங்க."

வெளியே வந்த பிறகுதான் கண் கலங்கியது. இழந்த பாட்டை நினைத்துத்தான். செய்ததை நினைத்து அல்ல. மூன்று மணிக்கு எங்கே இருக்க வேண்டுமோ, அங்கேதான் இருந்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஈஸ்டர் காலைப் பூசையில் என் மைக் வேறொரு பெண்ணின் கையில் இருந்தது. முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அல்லேலூயா தொடங்கியதும் தொண்டை திறந்து பாடினேன். தலைவி திரும்பி முறைத்தார். அடுத்த அடியை இன்னும் உரக்கப் பாடினேன்.