பிள்ளையாருக்கு மோதகம், மங்களேஸ்வரிக்குப் பட்டினி

மங்களேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தாறு வருடம் தலையிடியோடு குடித்தனம் நடத்தியவள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, குண்டசாலையில் வீடெடுத்து, கண்டி நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் முன் கவுண்டரில் உட்கார்ந்தாள். அந்தக் கதிரையிலிருந்து அவளை எந்தக் கொம்பனும் எழுப்பியதில்லை. இப்போது எழுப்பப் பார்த்தார்கள்.

பார்த்தவர் புதிதாக வந்த அதிகாரி சஞ்சீவ். வயதில் அவளுடைய தம்பிக்கும் தம்பி. தை பிறந்த கையோடு அவளைக் கூப்பிட்டுத் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை நீட்டினார். சுகவீனம் காரணமாகத் தானே விரும்பி ஓய்வு பெறுவதாக அவளே எழுதியது போல இருந்தது. குறை ஒன்றே ஒன்று, அவளுடைய கையெழுத்து.

“மாசத்துல எட்டு ஒம்பது நாள் லீவு போட்டா நான் என்ன செய்றது மிஸ்? கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுல நிம்மதியா இருங்க.”

“எனக்குத் தலையிடிதான் சேர். தலை கழண்டு போகேல்லை,” என்றாள் மங்களேஸ்வரி. சித்திரை முடியும்வரை தவணை வாங்கிக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வந்தாள்.

தலையிடி என்றால் ஊரில் எல்லாருக்கும் வருவதுதானே என்பார்கள். ஐயோ, வந்து பார்த்தால் தெரியும்! முதலில் இடது கண்ணின் ஓரத்தில் உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி வெளிச்சம் மினுங்கும். அரை மணியில் பாதித் தலை இடிக்கத் தொடங்கும். வயிறு புரட்டும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளித்த வாசம் ஆகாது. அலுவலகத்தில் அதற்குப் பெயர் பம்மாத்து. பக்கத்து வீட்டில் கண்ணூறு. கணவர் நவரட்ணராஜாவுக்கு அது கிரகதோஷம். பதினொரு வருடத்துக்கு முன் அவரே ஒரு நேர்த்தி வைத்தார்: தலையிடி தீர வெள்ளிக்கிழமைதோறும் மங்களேஸ்வரி விரதம் இருப்பாள். நேர்த்தி வைத்தது அவர், பட்டினி கிடந்தது இவள். காலையில் ஒரு வெறுந்தேநீர், பிறகு கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலின் மாலைப் பூசை முடியும்வரை பச்சைத்தண்ணீர்.

கடிதம் வந்த கிழமையே பேராதனை கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் ஜஹானா அவள் சொன்னதை இடையில் வெட்டாமல் கேட்டார். இருபத்தாறு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மங்களேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது வயித்துக் கேஸும் இல்ல, கண்ணூறும் இல்ல. மைக்ரேன். மூளையும் நரம்பும் கூடுதலா உணர்ற வருத்தம்,” என்றார் டொக்டர். பிரஷர் பார்த்து, சிறுநீரகம் சரியா என்று இரத்தமும் சோதித்த பிறகுதான் மக்னீசியமும் விற்றமின் பி2வும் எழுதினார். “சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. மூணு மாசம் போட்டுப் பார்ப்போம். தலையிடிக் குளிசைய நெனச்ச நேரமெல்லாம் விழுங்காதீங்க, அதுவே தலையிடியக் கூட்டும். தலையிடி வாற நாள், சாப்பிட்ட நேரம், தூக்கம், எல்லாத்தையும் கலண்டர்ல குறிங்க.”

மக்னீசியம் முதல் கிழமையே வயிற்றைக் கலக்கி ஓட ஓட விரட்டியது. டொக்டர் அளவைக் குறைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். அது அடங்க, சிறுநீர் மஞ்சள் கரைத்த மாதிரிப் போனது. “செங்கமாரி!” என்று நவரட்ணராஜா காமாலைக்கு மருந்தாகக் கீழ்க்காய்நெல்லி தேடி வேலிக்கரைக்கு ஓடிவிட்டார். மங்களேஸ்வரி தொலைபேசியில் கேட்டாள். அது பி2வின் நிறம் என்று டொக்டர் சிரித்தார். அரைத்த கீழ்க்காய்நெல்லியை நவரட்ணராஜாவே குடித்தார்.

மாசி மாதக் கடைசியில், சுவரில் தொங்கிய சைவக் கலண்டரை அவள் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தாள். தலையிடி வந்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம். எட்டு வெள்ளிக்கிழமைகளில் ஆறு சிவப்பு. மற்றவை நித்திரை கெட்ட நாட்களும் காரணம் தெரியாத நாட்களும். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. தலையிடி தீரவென்று பதினொரு வருடம் பட்டினி கிடந்து, பட்டினியாலேயே தலையிடியை வரவழைத்திருக்கிறாள்!

“இஞ்சருங்கோ, நாளைக்கு நான் விரதமில்லை.”

“உமக்கென்ன விசரே? நேர்த்தியை முறிச்சால் குற்றம் வரும்!” நவரட்ணராஜா பதறினார்.

“வரட்டும். என்ர தலையில இனி வாறதுக்கு என்ன கிடக்கு?”

மறுநாள் இடியப்பமும் சொதியும் வயிறாரத் தின்றுவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் நேரே கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றாள். “உமக்கு ஒரு நாளும் மோதகம் தவறினதில்லை. நான் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேணும்? கோவமெண்டால் இப்பவே சொல்லும்.” தீபாராதனை முடியும்வரை பிள்ளையாருக்குத் தவணை கொடுத்தாள். அவள் திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தையில் ஒன்பது வட்டம், மாசியில் எட்டு. பங்குனியில் ஐந்து, சித்திரையில் மூன்று. குளிசையா சாப்பாடா காரணம் என்று டொக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் விடாதீர்கள் என்றார்.

சித்திரையின் கடைசி வெள்ளிக்கிழமை, மதியம் சஞ்சீவ் கூப்பிட்டார். மேசையில் அதே கடிதம். மங்களேஸ்வரி அதன் பக்கத்தில் கலண்டரை விரித்தாள்.

“ஒன்பது, மூண்டாயிருக்கு சேர். வருத்தம் முழுசாப் போகாது, நான் பொய் சொல்லேல்லை. ஆனால் அது வாற வழி இப்ப எனக்குத் தெரியும்.”

“நீங்க கையெழுத்துப் போடலன்னா வேலைக்குத் தகுதியான்னு பார்க்க நான் மெடிக்கல் போர்டுக்குத்தான் அனுப்பணும்.”

“தாராளமா அனுப்புங்கோ. இந்தக் கலண்டரையும் சேர்த்து அனுப்புங்கோ.”

சுவர் மணிக்கூடு பன்னிரண்டரை காட்டியது. மங்களேஸ்வரி கைப்பையைத் திறந்து சோற்றுப் பார்சலை எடுத்தாள். மேசை அழுக்காகாமல் அந்தக் கடிதத்தை இழுத்துக் கீழே விரித்து, அதன்மேல் பார்சலைப் பிரித்தாள். பருப்பும் பயற்றங்காய்க் கறியும். ஓரத்தால் வழிந்த குழம்பு, கையெழுத்துக்கென்று விட்டிருந்த இடத்தில் ஊறியது.

“மிஸ், என்ன இது? கடிதம்...”

“எனக்குச் சாப்பாட்டு நேரம் சேர்,” என்று முதல் கவளத்தைப் பிசைந்தாள் மங்களேஸ்வரி. “தவறவிட்டால் தலை இடிக்கும். ஒண்டேகாலுக்குக் கவுண்டரில நிப்பன்.”