வெற்றுக் குழாயில் விழுந்த மேடு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது என் அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் வேதியியல் ஆராய்ச்சி செய்பவள். தாமிரச் சேர்மத்தைக் கண்ணாடிக் குழாயில் உறையவைத்து, பெரிய காந்தத்தின் நடுவே செருகி, மைக்ரோவேவ் பாய்ச்சுவாள். தாமிரத்தில் ஜோடியில்லாமல் நிற்கும் எலக்ட்ரான் யாரோடு ஒட்டி உறவாடுகிறது என்பதைத் திரையில் விழும் கோடு சொல்லிவிடும். "ஊர் வம்பு பேச இவ்ளோ பெரிய மெஷினா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

அன்று விடுமுறை. மதியம். ஆய்வகத்தின் அடித்தளத்தில் அவள் மட்டும். காந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் மாடியில் இருந்தார்.

வழக்கம்போல் முதலில் வெற்றுக் குழாயை வைத்தாள். நேர்கோடுதான் வர வேண்டும்.

கோட்டில் மேடு விழுந்தது.

தாமிரம் இல்லை. இரும்பு. பழைய ரத்தத்தில் தெரியும் இரும்பு... வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். இவளோ, 'சே, சரியாகக் கழுவவில்லை' என்று புதுக் குழாயை மாட்டினாள்.

மேடு பெரிதானது.

குழாயையே எடுத்துவிட்டாள். இன்னும் பெரிதானது...

அப்போது காற்றை வெளியேற்றும் ஃபேன் நின்றது. குளிரூட்டும் நைட்ரஜன் 'உஸ்ஸ்ஸ்' என்று அறைக்குள் கொட்டியது. வால்வு உறைந்து அசையவில்லை. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சுக்காற்றை விரட்டிவிட்டு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். கதவுக்கு ஓடினாள். உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு.

இழுத்தாள். வரவில்லை.

"யாராவது இருக்கீங்களா?"

பிடரியில் சில்லென்றது... நைட்ரஜன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி இழுத்தாள். இம்மிகூட அசையவில்லை.

தலை சுற்றியது. நெற்றி கதவில் சாய்ந்தது. செத்தோம் என்றே நினைத்தாள்.

'டக்.'

அவளையும் தள்ளிக்கொண்டு கதவு திறந்தது. ஃபேன் சத்தம் நின்றதும் இறங்கி வந்த டெக்னீஷியன்! வெளியே இழுத்துப்போட்டார்.

"யாரோ பூட்டிட்டாங்கண்ணா..."

"இந்தக் கதவுல பூட்டே கிடையாதும்மா. சும்மா தள்ளினேன், திறந்துடுச்சு."

மறுநாள் அவர் அக்காவைக் கூப்பிட்டு, கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். குளிர் பட்டு வர்ணம் உரிந்திருந்தது. இரண்டு பெரிய உள்ளங்கைகளின் வடிவத்தில். விரல்கள் விரிந்து, கதவை அழுத்திப் பிடித்த மாதிரி.

இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று.

இரண்டுக்கும் நடுவில்... அக்காவின் நெற்றி பதிந்த கறை.