லாயிட் ஹாஸ்கின்ஸின் நாற்பத்தொரு வரி

எங்கள் ஊர் லாயிட் ஹாஸ்கின்ஸ் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு எட்டு மாதம் அட்டவணை போட்டார்; அதுவரை கையால்தான் கழுவினார்.

அடுத்து மகள் டெசாவின் படிப்பு. பிசினஸ், இன்ஜினியரிங் இரண்டு பட்டத்தையும் சேர்த்துத் தரும் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களை, சம்பளம் முதல் கேன்டீன் பீட்சா வரை நாற்பத்தொரு வரியில் ஒப்பிட்டார். டிசம்பரில் அதைக் கொண்டுவந்து, அவள் பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகரான என் மேசையில், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாண்ட்விச்சின் மேலேயே விரித்தார். டெசாவும் கூட வந்திருந்தாள்.

"க்ரெட்சன், எதுல சேக்கலாம்? சொல்லுங்க."

"ரெண்டுலயும் முடியாது. மெயின் மாநிலத்துல ஒரு சின்னக் காலேஜ்ல, தவளை ஆராய்ச்சிக்கு நேத்தே இவளுக்கு இடம் கிடைச்சாச்சு. கிடைச்சா அங்கதான் சேரணும்னு அக்டோபர்லயே நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களே!"

படிவத்தை நீட்டினேன். அவர் கையெழுத்தேதான்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவ சொன்னேம்பா. நீதான் 'அட்டவணை வேலைல இருக்கேன், எங்க கையெழுத்துன்னு மட்டும் காட்டு'ன்னே."

லாயிட் பேனாவை எடுத்து, அட்டவணையின் ஓரத்தில் அந்தக் கல்லூரிக்காக மூன்றாவது கட்டம் ஒன்றைப் போட்டார்.

"அங்க பீட்சா எப்படி?"