மனுவின் ஏழாவது பத்தி

சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்ட கேள்விக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் நான் அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்திருப்பேன். வழக்கும் வந்திருக்காது.

முப்பத்து நான்கு வருஷம் நான் ரயில்வேயில் இருந்தேன். கடைசிப் பதினோரு வருஷம் நீடாமங்கலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வே கேட்டை மூடினால் ஊரே இரண்டு பக்கமும் நிற்கும். நிற்பவர்கள் திட்டுவது என் அறை வரைக்கும் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு அதே ஊரில், வெண்ணாற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் தங்கிவிட்டோம். பிள்ளைகள் இல்லை. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

போன வருஷம் மாசி மாதம் புனேயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். ஒரு மாதம் இருப்பதாகத்தான் ஏற்பாடு. அவனும் அவன் மனைவியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். வந்ததும் என்னைப் பார்த்து, தனியாக இருந்தோமே என்று நான் வருத்தப்படக் கூடாதென்று, களைப்போடு உட்கார்ந்து பேசுவார்கள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊரில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பத்தாம் நாளே கிளம்பிவிட்டேன்.

சென்னையில் இறங்கி, காலை பத்தரை மணிக்குத் திருச்சி விமானம் பிடிக்க வேண்டும். முதலில் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் என்றார்கள். பிறகு இரண்டு மணிக்கு என்றார்கள். மூன்று மணிக்கு, ரத்து என்று பலகையில் சிவப்பாக வந்தது.

அதற்குள் கவுன்ட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் நான்கைந்து தடவை படித்துவிட்டேன். பயணிகளின் உரிமைகள் என்று தலைப்பு. முன்கூட்டித் தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால் வேறு விமானத்தில் இடம் தர வேண்டும், அல்லது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அது போக இழப்பீடும் உண்டு. காத்திருக்கும் நேரத்தில் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும். வானிலை மாதிரி தங்கள் கையில் இல்லாத காரணம் என்றால் மட்டும் இழப்பீடு கிடையாது. ரயில்வேயில் விதிப்புத்தகத்தோடு வாழ்ந்தவனுக்கு அது கதைப்புத்தகம் மாதிரி. சட்டைப்பையில் இருந்த டைரியில், பழக்க தோஷம், நேரங்களையும் எழுதிவைத்தேன். எங்கள் விமானம் எத்தனை மணிக்குத் தள்ளிப்போனது, வேறு கம்பெனிகளின் திருச்சி விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பின, எல்லாம்.

கவுன்ட்டரில் ஒரே கூச்சல். வேறொரு கம்பெனியின் ஐந்து மணி விமானத்தில் சில இடங்கள் கிடைத்திருந்தன. அவசரம் உள்ளவர்களுக்கு முதலில் தருவதாகச் சொன்னார்கள். ஒரு குடும்பத்துக்கு மறுநாள் விடியற்காலையில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணுமாக அந்தப் பெரியவர்களே எங்களோடு வரிசையில் நின்றார்கள். இன்னொருவருடைய அம்மா கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் இடம் போட்டுக்கொடுத்தாள். என் முறை வந்தது.

"சாருக்கு ஏதாவது அவசரமா? வீட்டுல யாராவது காத்துட்டு இருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நாளைக்குக் காலை ஃப்ளைட்ல போட்டுடட்டுமா சார்? தப்பா நினைக்காதீங்க. இங்க வர வேண்டிய விமானமே இன்னும் வந்து சேரல."

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடித்ததை நான் பார்க்கவில்லை. அவளோடு வாதாட மனம் வரவில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஊர் வந்தேன்.

வீட்டைத் திறந்தபோது விடிந்திருந்தது. பத்து நாள் பூட்டிக் கிடந்த வாடை. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ஆளைக் காணோமே, எங்கயாவது ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"புனேக்குப் போயிருந்தேன். நேத்தே வந்திருக்கணும்."

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். தம்பியிடமிருந்து இரண்டு நாள் கழித்து, போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு மெசேஜ் வந்தது. சேர்ந்தேன் என்று பதில் போட்டேன்.

நேற்று வர வேண்டியவன் இன்று வந்தான் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நான் ஸ்டேஷனில் இருந்த நாட்களில் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் மனைவி ஸ்டேஷனுக்கே போன் செய்து, "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். குமாஸ்தாவை விட்டு, ஐயா சிக்னல் கேபினுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்வேன்.

அந்த ஒரு நாளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. கம்பெனிக்கு மெயில் எழுதினேன். சிரமத்துக்கு வருந்துகிறோம், மோசமான வானிலை காரணமாக ரத்து செய்ய நேர்ந்தது, ஆகவே இழப்பீடு தர இயலாது என்று பதில் வந்தது. அன்று சென்னையில் வெயில் கொளுத்தியது. திருச்சிக்கு வேறு இரண்டு விமானங்கள் போயின. அதை எழுதினேன். அதே பதில், வேறொருவர் கையெழுத்தோடு வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. திருவாரூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட முடிவு செய்தேன். வக்கீல் வைக்கவில்லை.

ஆணையத்துக்குப் பக்கத்தில் டைப் அடித்துக்கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே இருந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். இந்த மாதிரி மனுக்கள் நூற்றுக்கணக்கில் அடித்தவர். நான் எழுதிக்கொண்டுபோன தாளைப் பார்த்து மடமடவென்று அடித்துக்கொண்டே வந்தவர், ஏழாவது பத்தியில் நின்றார்.

"மன உளைச்சல்னு போட்டிருக்கீங்க. காரணம் ஒண்ணும் இல்லையே சார்? கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரின்னு ஏதாவது போடுங்க. எல்லாரும் போடுறதுதான்."

"அப்படி ஒண்ணும் இல்லைங்களே."

"வீட்டுல காத்துட்டு இருந்தாங்கன்னாவது போடலாமா?"

"வீட்டுல யாரும் இல்லைம்மா. அதையே போட்டுடுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "எப்படிப் போடணும், நீங்களே சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். மனுதாரர் தனியாக வசிப்பவர், அன்று அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை, காலை பத்தரை முதல் மாலை வரை விமான நிலையத்தில் காத்திருந்தவர் அவரேதான் என்று அடித்தார். அச்செடுத்த தாளைக் கொடுத்தபோது, அந்தப் பத்தியைத் தான் தொடவில்லை என்பதுபோல ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

இரண்டு வாய்தா போய், மூன்றாவது தடவை விசாரணைக்கு வந்தது. கம்பெனியின் வக்கீல் திருச்சியிலிருந்து வந்திருந்தார்; முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வானிலை என்பதை அவர் வேகமாகச் சொல்லி முடித்துக்கொண்டு, என் ஏழாவது பத்தியைக் கையில் எடுத்தார்.

"மேடம், மனுதாரரே ஒத்துக்கிட்டிருக்கார். அவருக்கு எந்த அவசர வேலையும் இல்ல. அவருக்காக யாரும் காத்திருக்கல. டிக்கெட் பணமும் திரும்பக் குடுத்தாச்சு. ரயில்வேயில முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவர், தாமதம் அவருக்குப் புதுசு இல்ல. இதுல மன உளைச்சல் எங்கேர்ந்து வந்தது?"

பின்னால் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் எழுதியதுதான், ஆனால் இன்னொருவர் வாயால், ஆட்கள் நிறைந்த அறையில் கேட்டபோது எனக்குக் காது சூடானது. ஆணையத்தின் தலைவர் ஒரு பெண்மணி. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

எழுந்து நின்றேன். தயார் செய்து வைத்திருந்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அவர் சொல்றது உண்மைதாங்க. வீட்டுல ஆள் இருக்கிறவங்களுக்கு அன்னிக்கு சீட்டு குடுத்தாங்க. அது நியாயம்தான். ஆள் இல்லாதவன்னு என்னைக் கடைசியில நிறுத்தினாங்க. அதையும் ஒத்துக்கிட்டேன். இப்ப அதே காரணத்தச் சொல்லி எனக்கு நஷ்டமே இல்லைன்னா, அத மட்டும் ஒத்துக்க முடியலைங்க."

டைரியை எடுத்து, அன்றைய பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். மற்ற விமானங்கள் கிளம்பிய நேரங்களைப் பற்றி வக்கீலிடம் கேட்டார். வக்கீல் பதில் தாக்கல் செய்ய நேரம் கேட்டார்.

வெளியே படிக்கட்டில் அந்த வக்கீல் என்னிடம் வந்தார். "மனசுல வச்சுக்காதீங்க சார். கேஸுக்காகப் பேசினது."

"நீங்க இல்லாததைச் சொல்லலையே தம்பி" என்றேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

தை மாதம் தீர்ப்பு வந்தது. வானிலை என்ற காரணம் நிரூபிக்கப்படவில்லை, விதிப்படியான இழப்பீட்டையும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகையையும் கம்பெனி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொரடாச்சேரி தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை; வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூசி பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனுதாரருக்காகக் காத்திருக்க ஒருவர் இல்லை என்பதனால் அவருடைய ஒரு நாள் மதிப்பில் குறைந்துவிடாது என்று அதில் இருந்தது.

அதை யாருக்காவது படித்துக்காட்ட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் ஆபீஸில் இருந்தான். வழக்கு என்றதும் பதறிவிட்டான்.

"என்ன கேஸுண்ணே? யார் மேல?"

முதலிலிருந்து சொன்னேன். விமானம் ரத்தானது, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது, பஸ்ஸில் வந்தது.

"நீங்க ஏண்ணே அன்னிக்கே எனக்கு போன் பண்ணல? நீங்க நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டீங்கன்னே நான் நெனச்சிட்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் ஏர்போர்ட்ல தனியா உட்கார்ந்திருந்தீங்களா?"

"நீ வேலையில இருப்பேன்னு..."

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அவன் கோபமாகத்தான் கேட்டான். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது, டைரிக்குப் பக்கத்தில். அன்று முழுக்க அதை எடுத்து யாரையும் கூப்பிடத் தோன்றவே இல்லை. தீர்ப்பில் இருந்த வாக்கியத்தை அவனுக்குப் படித்துக்காட்டவில்லை. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேசுகிறோம். பேச அதிகம் இல்லை. வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அவன் கேட்பான். புனேயில் மழையா என்று நான் கேட்பேன். சில வாரம் அவன் மறந்துவிடுகிறான். ஒன்பதரை வரைக்கும் பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன். ஆறேழு தடவை மணி அடித்த பிறகு எடுப்பான். எடுக்காமல் போவதும் உண்டு.