ஜீப்பைக் கொடுக்கச் சொன்னேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோட்டை விட்டு இறங்கும். ர, ற இரண்டும் இடம் மாறி வரலாம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சூலூரில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். ஆட்களிடம் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேச வராது.

அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் ஓர் அக்காவின் வீட்டுக்காரர் சென்ற ஆண்டு இறந்துபோனார். அவரிடம் இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்று, இரண்டே கதவுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று, தார்ப்பாய் போட்ட ஜீப். ஒன்றை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"எதை வெச்சுக்கறதுங்க தம்பி? எனக்கு ஜீப்புத்தா கை பழகியிருக்குது. தெனமும் பால் கேன் ஏத்திட்டுப் போறேன்."

ஜீப் ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். ஆனால் சின்ன லிவரைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துவிட்டால் எந்தச் சேற்றிலும் ஏறிவரும். கெட்டுப்போனால் எந்த மெக்கானிக்கும் சரிசெய்வான். கார் அப்படியில்லை. தரையோடு படுத்திருக்கும், அடியில் அரைச் சாண்தான் இடைவெளி. அதன் இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போகச் செய்ய இந்தப் பக்கம் என்னை விட்டால் ஆளில்லை. அந்த இன்ஜின் சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். விலைபோய் வெளியூர் போய்விட்டால் மறுபடி அதைத் தொட முடியாது.

"காரை வெச்சுக்கங்க" என்றேன்.

"மழைக்கு இட்டேரில போயிருமுங்களா?" தோட்டத்துக்குப் போகும் வழி அது. இருபுறமும் வேலி, நடுவில் கல்லும் பள்ளமும்.

"பாத்துப் போனாப் போயிருமுங்க."

எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டோம். 'பாத்து' என்று ஒரு சொல்லை முன்னால் வைத்துவிடுவோம். போகாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அதிகம் பேசாத ஆளு, சொன்னாச் சரியாத்தா இருக்கும்" என்று அக்கா ஜீப்பைக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி மழையில் கார் கல்லில் மோதி இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் உடைந்தது. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்திருக்கிறார். நான் போனபோது அவருடைய கொழுந்தனார் வேலியோரம் நின்று, "எங்க அண்ணி கப்பலை இட்டேரில உட்டிருக்கறாங்க பாருங்க. பொம்பளைக்கு எதுக்குங்க ஸ்டீரிங்கு?" என்று சிரித்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். என்னிடம், "நீங்க பாத்துப் போகத்தா சொன்னீங்க தம்பி. நாந்தா பாக்காம ஓட்டிப்போட்டேன்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சேம்பரைக் கழட்டிட்டுப் போறனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

சரிசெய்து கொடுத்தபோது அக்கா சாவியை வாங்கவில்லை. "வேண்டாமுங்க. எனக்கு ஓட்ட வராதுங்க." இருபது வருடம் ஜீப் ஓட்டியவர். இப்போது கொழுந்தனாரின் டெம்போவில்தான் பால் போகிறது. அது வரும் நேரத்துக்குத்தான் அவர் மாடு கறக்கிறார்.

நேரில் போனால் எனக்குப் பேச்சு வராது. அதனால் ஒரு தாளில் அவருக்கு எழுதிவிட்டேன்: அக்கா, உங்கள் கையில் தப்பில்லை. எவ்வளவு பார்த்துப் போயிருந்தாலும் அந்தக் கார் அங்கே போயிருக்காது. அது எனக்குத்தான் வேண்டியிருந்தது. நீங்கள் ஓட்டப் பழகிய மாதிரி ஒரு ஜீப்பை நான் தேடித் தருகிறேன்.

நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

தை ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை.