பீரங்கிக்கு அடியில் சஃபர்குலி

எங்கள் மன்னர் ஷா, சிப்பாய் சஃபர்குலிக்கு இருபத்தொரு தோமான் கடன்பட்டிருந்தார். மூன்று வருஷச் சம்பளம். சாட்சி நான், ஹாஜி யார்முகம்மது. விரல் மடக்கி எண்ணத் தெரிந்ததுதான் என் படிப்பு. இன்று தெஹ்ரான் கடைத்தெருவில் ஏழு கடை என்னுடையது.

கஜானாவில் காசு தரமாட்டார்கள், சீட்டுத் தருவார்கள். அதை ஏதாவது ஒரு மாகாண ஆளுநரிடம் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். அவரோ பதவிக்காக ஷாவுக்குக் காணிக்கை கொட்டிவிட்டு வந்தவர். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். அலுத்துப்போன சிப்பாய்கள் என்னிடம் பாதி விலைக்குச் சீட்டை விற்பார்கள். எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் பெரிய ஆளானேன்.

சஃபர்குலி மட்டும் விற்கவில்லை. வயிற்றுக்கு என் கடையில் விறகு பிளந்தான். சீட்டை ரொட்டித் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தான். ஷாவின் வண்டி போனால் முதலில் குனிகிற தலை அவனுடையது.

"காசு தராத ஆளுக்கு என்னடா இவ்வளவு கும்பிடு?"

"அவரு நல்லா இருந்தாத்தானே ஹாஜி என் காசு நல்லா இருக்கும்? அவரு போயிட்டா யாருகிட்ட போய்க் கேக்கறது?"

அன்று சிரித்தேன். பிறகு யோசித்தேன். சிப்பாய், தையல்காரன், லாயக்காரன், ஊரில் பாதிப் பேருக்கு ஷா பாக்கி. பாக்கி வரவேண்டியவன் எவனாவது அவர் சாகட்டும் என்பானா? ஐம்பது வருஷம் சிம்மாசனம் ஆடாமல் நின்றது வாளால் மட்டுமில்லை. படித்தவன் எவனும் இதைச் சொல்லவில்லை, நான் கண்டுபிடித்தேன்.

சஃபர்குலிக்கு அந்தப் பணம் என்றால் மனைவி மாஹ்பேகம். சாப்பாடு போட வழியில்லாமல் அவளை மலையூரில் அவள் அண்ணன் வீட்டில் விட்டிருந்தான். ஷா பட்டமேறிய ஐம்பதாம் ஆண்டு விழாவில் எல்லாப் பாக்கியும் தீரும் என்று நம்பி, "விழாவுக்கு வா, ஹாஜி கடையில் விசாரி" என்று ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினான்.

விழாவுக்குச் சில நாள் இருக்கையில் ஷாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். புது கஜானா பழைய சீட்டைத் தொடவில்லை. என் பெட்டியிலும் ஒரு கட்டு வெறும் காகிதமானது. நான் தாங்குவேன்.

மாஹ்பேகம் கழுதையில் வந்து என் கடை வாசலில் இறங்கினாள். அவனைக் காணோம். தேடிப் போனால், அரண்மனைச் சதுக்கத்துப் பெரிய பீரங்கிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே அடைக்கலம் புகுந்தவனை யாரும் இழுத்து வரக் கூடாது. கொலைகாரன் ஒளிந்ததுண்டு, கடன்காரன் ஒளிந்ததுண்டு. பெண்டாட்டிக்கு ஒளிந்தவன் இவன்தான்.

"வெளிய வாய்யா," என்றாள்.

"வெறுங்கையோட எப்படி உன் மூஞ்சியப் பாக்கறது?"

"மூணு வருஷமா உன் கையவா நெனச்சுக்கிட்டிருந்தேன்? மூஞ்சியக் காட்டு."

அவன் அசையவில்லை. அவள் குனிந்து உள்ளே போய் ஒட்டி உட்கார்ந்தாள். முடிச்சவிழ்த்து, உலர்ந்த முசுக்கட்டைப் பழம் ஒன்றை அவன் வாயில் வைத்தாள். "அப்ப எனக்கும் அடைக்கலம்."

நான் கடைக்குப் போய்ப் பையோடு திரும்பினேன். "சீட்டக் குடுடா."

"செல்லாத சீட்டு ஹாஜி."

"எனக்கே கணக்குச் சொல்றியா? ஷா தராதத யார்முகம்மது தந்தான்னு ஊர் சொல்லட்டும். பாதியில்ல, முழுசு."

அவன் கை நீட்டவில்லை. மாஹ்பேகம்தான் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்து விரல்களை விரித்தாள். ஒரு தோமானுக்குப் பத்து வெள்ளிக் கிரான்; பத்துப் பத்தாக எண்ணி வைத்தேன். கை நிறைந்தபோதெல்லாம் அவள் மடியில் கவிழ்த்தான், மறுபடி நீட்டினான். இருநூற்றுப் பத்தாவது கிரானை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.