சன்னல் கண்ணாடியில் ஒரு சோப்புக் கோடு

மதாம் ஓனோரின் பெஷூவைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் இல்லை. அதிகம் சொன்னவன் நான்தான். என் பெயர் செசேர். அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒயின் கடை வைத்திருந்தேன். போன மாதம் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு அழகில்லை.

அவள் இஸ்திரிக்காரி. சட்டைக் காலர்களைக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் அட்டை மாதிரி நிற்கும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் இஸ்திரிப் பலகை, இன்னொன்றில் புருஷன். ஆன்செல்ம் கூரை வேலைக்காரன். மாதா கோவில் கூரையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று. ஆளோ எருது மாதிரி. புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டும்.

அதனால்தான், உலகக் கண்காட்சிக்காக எங்கள் தெரு முடிகிற இடத்தில் முந்நூறு மீட்டர் இரும்புக் கோபுரம் எழுப்பப் போகிறார்கள் என்றதும் ஊர் ஒரு விதமாகவும் அவள் ஒரு விதமாகவும் கவலைப்பட்டார்கள். படித்தவர்கள், பாரிஸின் அழகு போயிற்று, தொழிற்சாலைப் புகைபோக்கியைக் கொண்டுவந்து நடுவீட்டில் நடுகிறார்கள் என்று பத்திரிகையில் திட்டினார்கள். என் கடையில் அதற்காகக் கைகலப்பே நடந்தது. அவளுக்கு அழகைப் பற்றி ஒன்றுமில்லை. அது சாய்ந்தால் இந்த மனுஷனை மூன்று மாடி எப்படி இறக்குவேன் என்பது ஒன்றுதான்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் காதுபடவே சொல்வேன்.

கோபுரத்தின் நான்கு கால்களும் முதலில் உள்பக்கம் சாய்ந்தபடி, ஒன்றையொன்று தொடாமல் வளர்ந்தன. அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆன்செல்ம்தான் படுக்கையிலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு விளக்குவான். ஒவ்வொரு காலுக்கும் முட்டுக்கொடுத்த சாரத்தின் மேல் மணல் நிரப்பிய பெட்டிகள் இருக்கின்றன. மணலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் கால் மயிரிழை இறங்கும். அடியில் தண்ணீர் அழுத்தத்தால் தூக்கும் யந்திரம் இருக்கிறது. ஏற்றி இறக்கி, ஆணித் துளைக்கு நேராகத் துளை வந்த பிறகுதான் பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடிப்பார்கள் என்பான். காற்று மோதுவதற்குச் சுவரே இல்லை, எல்லாம் சல்லடை, காற்று ஊடே போய்விடும் என்பான். அவள் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி சன்னலைப் பார்ப்பாள்.

யாரோ ஒரு கணக்கு வாத்தியார், இருநூற்று இருபத்தெட்டு மீட்டரில் அது விழும் என்று கணக்குப் போட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. எண்பத்தொன்பதாம் வருஷம் பிறந்தபோது கோபுரம் அந்த உயரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் செருப்போடு தூங்க ஆரம்பித்தாள். அதைக் கண்ட ஆன்செல்ம் ஒரு காரியம் செய்தான். நூலில் ஈயக்குண்டு கட்டிச் சன்னலில் தொங்கவிடச் சொல்லி, அந்த நூலை ஒட்டிக் கண்ணாடியில் சோப்பால் ஒரு கோடு இழுக்க வைத்தான். அவன் தலையணையில் தலை வைத்துப் பார்த்தால் கோடும் கோபுரத்தின் நடுவும் ஒன்றாக நின்றன. தினமும் காலையில் பார்த்துக்கொள், கோடு விலகாத வரைக்கும் நிம்மதியாக இரு என்றான்.

அதன் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைக்கவே மாட்டாள். ஆனால் வேறு புகார்கள் கொண்டுவந்தாள். கதவு இறுக்குகிறது, இஸ்திரிப் பெட்டி மேசையில் தானாகச் சன்னல் பக்கம் நகர்கிறது என்றாள். ஆற்றங்கரை ஈரத்தில் மரம் ஊதும் மதாம், போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நண்பகல். கோபுரத்தில் ஆணி அடிக்கும் நால்வர் கூட்டம் ஒன்று என் கடையில் சூப் குடித்துக்கொண்டிருந்தது. அவள் படியிறங்கி வந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"கோடு விலகிடுச்சு, முசியே செசேர். மேல ஒரு விரக்கடை."

கடையே சிரித்தது. ஆணிக்காரர்களில் மூத்தவன் லுகுவன், மேற்குக் கடலோரப் பிரெத்தான் பக்கத்துக்காரன், சிரிக்காமல் சொன்னான்: "இல்லம்மா. நாங்க தினம் தூக்குக்குண்டு விட்டுப் பாக்கறோம். எங்க கோபுரம் ஒரு நூல்கூட சாயல."

"அதத்தான் அவரும் சொல்றாரு. தட்டு நிறைய சூப்பு ஊத்தித் தரையில வெக்கச் சொன்னாரு. வெச்சேன். ஒரு பக்கமா வழிஞ்சிடுச்சு." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "சாயறது கோபுரமில்ல, வீடாம். நவம்பர்ல கீழ இடிச்ச சத்தம் கேட்டுதாம், பாதாள அறையில நீங்க என்ன பண்ணினீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."



நவம்பரில், கண்காட்சிக்கு உலகமே வரப்போகிறது, பீப்பாய் வைக்க இடமில்லையே என்று, பாதாள அறையின் நடுவிலிருந்த கல்தூணை இரண்டு கூலியாட்களை வைத்து இடித்து எடுத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் அங்கே கட்டை முனகும் சத்தம் கேட்டது. சுவரில் ஓடிய வெடிப்பைச் சாந்து பூசி மறைத்தேன். பிறகு அங்கே இறங்கவே பயமாக இருந்தது. மேலே நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்துக் கேலி பேசுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

பதில் சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். ஒரு டம்ளர் ஒயின் ஊற்றுகிற நேரம் இருக்கும். பிறகு, "தூண எடுத்துட்டேன். எல்லாரும் வெளிய போங்க" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. லுகுவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு படியேறினான். நாங்கள் பின்னால் ஓடினோம். படிகள் காலடியில் முனகின. மற்ற குடித்தனக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் மாடியில் அவள் சாத்திவிட்டு வந்த கதவு திறக்கவில்லை. சட்டம் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. லுகுவன் சட்டத்தை நோக்கிச் சுத்தியலை ஓங்கினான்.

"சட்டத்துல கை வெக்காதே," உள்ளேயிருந்து ஆன்செல்மின் குரல் நடுங்கி வந்தது. "இப்ப அதுதான் சுவரத் தாங்கிட்டிருக்கு. நடுப்பலகைய மட்டும் உடை. மெதுவா."

அவன் பயந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவளோ, இரண்டு வருஷமாக நடுங்கியவள், கதவில் நெற்றியை வைத்து, "இங்கதான்யா இருக்கேன், இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பலகை உடைந்த ஓட்டை வழியாக முதலில் நுழைந்தவள் அவள். பின்னாலேயே லுகுவனும் நுழைந்தான்; இருவருமாக இஸ்திரிப் பலகையை அவனுக்கு அடியில் கொடுத்து, படுக்கை விரிப்பால் கட்டி, ஓட்டை வழியாக வெளியே தள்ளினார்கள். அந்த நால்வரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேலிருந்து பூச்சு உதிர்ந்து என் கழுத்துக்குள் விழுந்தது. நான் பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பலகைதான் என்னைப் பிடித்திருந்தது.

இரண்டு மணி அடிப்பதற்குள் தெருப்பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. புழுதி அடங்கியபோது சோப்புக் கோடும் இல்லை, சன்னலும் இல்லை. அந்த இடத்தில் வெறும் ஆகாயம்; தெருக்கோடியில் கோபுரம் நேராக நின்றது. மதாம் பெஷூ நடுத்தெருவில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். அவள் அதைப் பயமில்லாமல் பார்த்தது அப்போதுதான்.

போலீஸ், நீதிமன்றம் எல்லாம் வந்தது. தூண் முன்பே ஆட்டம் கண்டிருந்தது என்று சொன்னேன், அது பொய். தண்டனை இலேசாக முடிந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து, கோபுரத்தின் நிழல் விழுகிற சந்து ஒன்றில் அவளைப் பார்த்தேன். ஆன்செல்ம் அப்போதும் இருந்தான், கீழ்த்தளத்திலேயே அறை எடுத்திருந்தார்கள். ஊரெல்லாம் அந்தக் கோபுரத்தைப் பித்தளையில் வார்த்துப் பொம்மையாக விற்றுக்கொண்டிருந்தது. முன்பு திட்டியவர்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பேச வேறொன்றும் தோன்றாமல், இன்னும் அதைப் பார்த்தால் பயமா மதாம் என்று கேட்டுவைத்தேன்.

அவள் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும், முசியே. அது மேல என்ன பயம்? நீங்க இப்ப எந்தத் தெருவுல குடியிருக்கீங்க, அதச் சொல்லுங்க."

சொன்னேன். தூரம்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, கஞ்சி காய்ந்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.